ஐந்து மடக்குக் கத்திகளும் நூறு ஜோடி வாரும்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். அம்மா, அக்கா, உருதுவில் அக்கா என்கிற அர்த்தத்தில் நாங்கள் ஆபா என்று கூப்பிடும் அடுத்த வீட்டுக்காரி, நான். தூளியில் தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் குழந்தையையும் சேர்த்தால் அஞ்சு. இல்லாதவன் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் தோல் பதனிடும் டேனரியில் ஓவர்டைம் என்று விடியும்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மட்டும் அந்த ஞாயிறு வீட்டில் இருந்திருந்தால் இதை எழுத எனக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது.

நாங்கள் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் பழைய செய்தித்தாள். அதன்மேல் வரிசையாக ஐந்து மடக்குக் கத்திகள். அம்மா சர்ச்சுக்குக் கட்டிக்கொண்டு போன புடவையைக்கூட மாற்றவில்லை. "இன்னாடா இது, கத்திக் கடை போட்டுட்டியா?" என்றாள். ஆபா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கடை இல்லம்மா, பரிட்சை. தம்பி வாத்தியாரு, கத்திங்க எல்லாம் பசங்க. எவன் பாஸு, எவன் ஃபெயிலுன்னு இப்ப தெரியும்" என்றாள்.

ரெண்டாயிரத்து ஒன்று, இரண்டு வாக்கில் இருக்கும். நான் வேலூரில் பி.எஸ்.சி. வேதியியல் ரெண்டாவது வருஷம். எங்கள் வீடு மேல்விஷாரத்தை ஒட்டிய ஒரு தெருவில். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் 'படிச்சவன்' என்பது வீட்டில் ஒரு உத்தியோகம் மாதிரி ஆகிவிட்டது. ரேஷன் கார்டு பாரத்தை நிரப்புவது, மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது, கரண்ட் பில்லில் யூனிட் சரியா என்று பார்ப்பது எல்லாம் அந்த உத்தியோகத்தில் சேர்த்தி. கத்தி வாங்குவதும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

எதற்குக் கத்தி என்று சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் இருக்கும் ஒரு செருப்புக் கம்பெனிக்காக ஒரு ஏஜெண்ட் எங்கள் தெருப்பக்கம் வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். பெண்கள் போடும் செருப்பின் மேல்வார். வெட்டிய தோல் மூட்டையில் வரும். ஓரத்தை ஈரத்துணியால் தடவி, பசை போட்டு மடித்து, சுத்தியால் தட்டி, மிஞ்சிய தோலையும் நூலையும் சீவிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜோடிக்கு ரெண்டு ரூபாய். ஈரம் தடவி மடிப்பது அம்மா. பசையும் சுத்தியும் ஆபா. சீவுவது அக்கா. அக்கா கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். அவள் கை தொட்ட ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

அதுவரை வந்ததெல்லாம் கறுப்பும் பிரவுனும்தான். அந்த முறை ஏஜெண்ட் கொண்டுவந்தது வேறு. மரப்பட்டையில் பதம் பண்ணிய தோல், சாயமே கிடையாது. ரஸ்க் நிறம். "இத நேச்சுரல்னு சொல்லுவாங்கம்மா. பெயிண்ட் அடிக்க மாட்டாங்க, மெழுகு மட்டும்தான். வெள்ளக்காரன் இப்படியே வாங்கி, வெயில்ல போட்டுப் போட்டுத் தானா கருக்க வுடுவான்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து விரலை நீட்டிச் சொன்னார். "நூறு ஜோடி. சேம்பிள் மாதிரி வச்சிக்க. இது சுத்தமா வந்துச்சுன்னா வாரா வாரம் ஒரு பை உங்க வீட்டுக்கு. இல்லன்னா அடுத்த தெருவுல குடுத்துருவேன். செவ்வாக்கிழமை காலைல வர்றேன்."

வாரம் ஒரு பை என்பது எங்களுக்கு என்ன என்று சொன்னால்தான் மற்றது புரியும். அக்காவின் குழந்தைக்கு அப்போது பதினோரு மாசம். அக்காவை ஷூ கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். வேன் காலை ஆறரைக்கு வந்தால் ராத்திரி ஏழரைக்குத்தான் கொண்டுவந்து விடும். மாசக் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். பை வந்தால் குழந்தையோடு வீட்டில் இருக்கலாம். வரவில்லை என்றால் வேன். அக்கா இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அந்த வாரம் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டே எல்லா வேலையையும் செய்தாள்.

சீவுவதற்கு அதுவரை பாதி பிளேடுதான். சவர பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பக்கம் காகிதம் சுற்றி வைத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் அதுதான். ரெண்டு வாரத்துக்கு முன்னால் குழந்தை தவழ்ந்து வந்து அந்தப் பாதி பிளேடை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டது. ஆபா பாய்ந்து பிடுங்கினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபாவின் உள்ளங்கையில் ரெண்டு தையல். அன்றைக்கே அக்கா, இனிமேல் இந்த வீட்டில் பிளேடு கிடையாது, மடக்குற கத்திதான், கீழே வைத்தால் மடக்கித்தான் வைக்கணும் என்று சொல்லிவிட்டாள். "நீதான் படிச்சவனாச்சே. நல்லதா, கம்மி வெலைல பாத்து வாங்கிட்டு வா" என்றாள்.

கம்மி விலையில் நல்லது. இந்த ரெண்டும் ஒன்றாகக் கிடைக்குமா என்கிற கேள்வி அப்போதுதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கும் நேரமெல்லாம் கத்தி பார்த்தேன். அந்த வருஷங்களில் வேலூர் பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரம் முழுக்க வெளிநாட்டு மலிவுச் சாமான்கள் வந்து கொட்டியிருந்தன. டார்ச், டைம்பீஸ், நகவெட்டி, அவற்றோடு கத்தி. ஒரு கடைக்காரரிடம் ஒரு கத்தியை எடுத்து, அதில் ஜெர்மன் ஸ்டீல் என்று பொறித்திருந்ததைக் காட்டி, "நெஜமாவே ஜெர்மனியாண்ணே?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி, பொண்ணா குடுக்கப்போற, ஊரு பேரெல்லாம் விசாரிக்கிற? வெட்டுதா பாரு."

"வெட்டுமா?"

"இருபத்தஞ்சு ரூபாய்க்கு வெட்டும்."

அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உடனே வாங்கினேன். ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை. ஒன்றை மட்டும் வாங்கினால் அது நல்லதா இல்லையா என்று எதோடு வைத்துப் பார்ப்பது? டியூஷன் எடுத்த காசு என்னிடம் கொஞ்சம் இருந்தது. மொத்தம் ஐந்து வாங்கினேன். கம்பெனிப் பேர்கள் வேண்டாம். பிடியில் இருந்த படத்தை வைத்துச் சொல்கிறேன், படத்தையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.

முதலாவது மீன் வடிவத்தில் பிளாஸ்டிக் பிடி, பதினைந்து ரூபாய். ரெண்டாவது ஜெர்மன் ஸ்டீல், தகரப் பிடி, இருபத்தைந்து. மூன்றாவது மரப்பிடி, அதில் குடை மார்க், இரும்பு அலகு, முப்பத்தைந்து. நாலாவது எட்டு சாமான் ஒன்றாகச் சேர்ந்தது, நாற்பது. அதில் கத்தி, கத்தரி, திருப்புளி, பாட்டில் திறப்பான், அரம், பல்குச்சி எல்லாம் இருந்தன. மற்ற ரெண்டும் எதற்கென்று இன்றுவரை தெரியாது. ஐந்தாவது வாத்து மார்க், ஸ்டெயின்லெஸ், அறுபது ரூபாய். சத்துவாச்சாரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். கடைக்காரர் அதை எடுத்துக் கொடுக்கும்போது பூட்டைத் திறந்துதான் கொடுத்தார். அதனாலேயே அது நல்ல கத்தியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது பரிட்சைக்கு வருகிறேன். முதலில் காந்தம். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்தது. ஸ்டெயின்லெஸ் என்றால் காந்தம் ஒட்டாது என்று எங்கேயோ படித்திருந்தேன். வாத்து மார்க்கில் வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அறுபது ரூபாய் போச்சு, ஏமாத்திட்டான் என்றேன். மாசக்கணக்கில் கழித்துத்தான் எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டம்ளர், தட்டு செய்கிற ஸ்டெயின்லெஸ்ஸில் பெரும்பாலும் ஒட்டாது, கத்தி செய்கிற ஸ்டெயின்லெஸ்ஸில் ஒட்டத்தான் செய்யும். அன்றைக்கு அது தெரியாததால் வாத்து மார்க்குக்கு ஆரம்பத்திலேயே மார்க் குறைத்துவிட்டேன்.

அடுத்தது ஆட்டம். அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது. மீன் ஆடியது. ஜெர்மன் ஸ்டீலும் கொஞ்சம் ஆடியது. எட்டு சாமான் கத்தியில் ஒன்றைத் திறந்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வந்தது. ஆபா அந்தப் பல்குச்சியை உருவி எடுத்துப் பார்த்து, "இதுக்கு மட்டும் பத்து ரூபா போட்டிருப்பான்" என்றாள்.

கடைசியாக வெட்டு. பழைய பிரவுன் வார்த் துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன. விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. இருபது வெட்டுக்கு ஒரு தடவை தையல் நூலை இழுத்துப் பிடித்து அறுத்துப் பார்க்க வேண்டும். நூல் பட்டென்று அறுந்தால் கத்தி இன்னும் உயிரோடு இருக்கிறது. நூல் இழுபட்டால் அவுட். அம்மா நூல் பிடித்தாள், அக்கா வெட்டினாள், நான் நோட்டில் எழுதினேன். எட்டு சாமான் இருபதிலேயே போய்விட்டது. மீன் நாற்பது. ஜெர்மன் அறுபது. வாத்து நூற்று நாற்பது. குடை இருநூற்று அறுபது. அக்கா கையை உதறிக்கொண்டு, "போதும்டா, கத்தி சாவுறதுக்குள்ள நான் செத்துருவேன்" என்றாள்.

எனக்குப் போதவில்லை. கடையிலிருந்து வந்த கூர் வேறு, நாம் தீட்டின கூர் வேறு ஆயிற்றே. மலிவுக் கத்தி மோசமா, அதைத் தீட்டின விதம் மோசமா? பக்ரீத்துக்குக் கத்தி தீட்ட ஆபா வீட்டில் ஒரு நல்ல சாணைக்கல் வைத்திருந்தார்கள். அதை வாங்கிவந்து, தண்ணீர் விட்டு, ஐந்தையும் தீட்டினேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கல்லின்மேல் சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி வழிந்தது. கையில் கிடைத்த துணியில் அலகைத் துடைத்துத் துடைத்துத் தீட்டினேன்.

திரும்பவும் வெட்டு. இங்கேதான் எனக்கு ஆச்சரியம். இருபத்தைந்து ரூபாய் ஜெர்மன் அறுபதிலிருந்து நூற்று இருபதுக்குப் போனது. எட்டு சாமான்கூட எழுபது வெட்டியது. அப்படியென்றால் இரும்பு அவ்வளவு மட்டமில்லை, அவசரத்தில் தீட்டி அனுப்பியிருக்கிறார்கள். மீன் மட்டும் ஐம்பதைத் தாண்டவில்லை, அதன் அலகே மெத்தென்று இருந்தது, நகத்தை வைத்து அழுத்தினால் வளையும்போல. வாத்து இருநூறு. குடை முந்நூற்று நாற்பது.

நான் நோட்டில் அடிக்கோடு போட்டேன். முப்பத்தைந்து ரூபாய்க் கத்தி அறுபது ரூபாய்க் கத்தியை ஜெயித்துவிட்டது. விலை என்பது கண்ணாடி அலமாரிக்கும் பூட்டுக்கும் கொடுப்பது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஆபா மட்டும் குடை மார்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கத்தி அச்சா கத்திதான் தம்பி. ஆனா இந்த மாதிரி மரப்பிடிக் கத்தில வாழக்காய் வெட்டினா கறுத்துப்போயிடும். எங்க வூட்ல ஒண்ணு இருந்துச்சு. நான் அந்த வாத்தத்தான் எடுப்பேன்."

"வாழக்காயா சீவப்போறோம், தோலுதானே ஆபா" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் வேலை தொடங்கியது. அம்மா ஈரத்துணியால் ஓரத்தைத் தடவி மடிக்க, ஆபா தட்ட, அக்கா குடை மார்க்கால் சீவினாள். இடையிடையே கத்தியை வாங்கி நான் ரெண்டு இழுப்பு தீட்டிக் கொடுத்தேன். சீவின ஓரத்தைப் பார்த்து அக்காவே, "பிளேடவிட நல்லா வருதுடா" என்றாள். பொழுது சாய்வதற்குள் நூறு ஜோடியும் முடிந்தது. அடுக்கி, பையில் போட்டு, வாயைக் கட்டி வைத்தோம். அண்ணன் வரும்போது பை மூலையில் இருந்தது. சாப்பிட்டான், படுத்தான். காலையில் ஆறு மணிக்கே டேனரிக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா பையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒருதரம் சரிபார்க்கலாம் என்று அவிழ்த்தாள். ஒரு வாரை வெளியே எடுத்தாள். பிறகு, "டேய்" என்றாள். அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ரஸ்க் நிற வாரெல்லாம் புள்ளிகள். சில இடத்தில் கடுகு மாதிரி, சில இடத்தில் ஓரத்தை ஒட்டி நீளமாக, நீலமும் கறுப்பும் கலந்த நிறம். ஒன்றில் இல்லை, ரெண்டில் இல்லை. எடுக்க எடுக்க எல்லாவற்றிலும்.

"உன் பேனா" என்றாள் அக்கா. "இங்க் பேனாவ சட்டைல குத்திக்கிட்டுப் பக்கத்துல ஒக்காந்திருந்தியே. ஒழுகியிருக்கு."

நான் பேனாவை உருவிக் காட்டினேன். ஒழுகவில்லை. சட்டைப் பையிலும் கறை இல்லை. அம்மா ஒரு வாரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமைல வேலை செய்யாதீங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா?" என்றாள். அவளும்தான் செய்தாள்.

அக்கா அழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "வேனுக்குச் சொல்லி அனுப்பிர்றேன். பால் பாட்டில் பழக்கணும்" என்று மட்டும் சொன்னாள். நான் அன்றைக்குக் கல்லூரிக்குப் போகவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன் வாசலிலேயே நின்று ஒரு வாரை எடுத்தான். மோந்து பார்த்தான். நாக்கால் தொட்டுப் பார்த்தான். டேனரி ஆட்கள் எதையும் அப்படித்தான் பார்ப்பார்கள். "பட்டைத் தோலு. இதுல யாரு இரும்ப வுட்டது?" என்றான்.

"இரும்பா?"

"எங்க தொட்டிகிட்ட சைக்கிள் சாவியக்கூட எடுத்துக்கினு போவ மாட்டோம்டா. பக்கெட்டுகூட பித்தள. ஈரத் தோலுல இரும்பு பட்டா மசிதான். இன்னாத்த வுட்டீங்க?"

அவன் கூடத்துக்குள் வந்து, சாணைக்கல்லைப் பார்த்தான். கல்மேல் காய்ந்திருந்த சாம்பல் குழம்பைப் பார்த்தான். பக்கத்தில் கிண்ணத்தில் கிடந்த ஈரத்துணியை விரலால் தூக்கினான். அது சாம்பல் பூத்திருந்தது. நான் கத்தி துடைத்த அதே துணியைத்தான் அம்மா கிண்ணத்தில் நனைத்து நூறு ஜோடிக்கும் தடவியிருக்கிறாள். வீட்டில் இருந்த ஒரே வேலைத்துணி அது. இரும்புப் பொடியைக் கரைத்து, ஓர் ஓரமும் விடாமல் பூசியிருக்கிறோம். போதாததற்கு, துருப்பிடிக்கிற அலகு வேறு.

எனக்கு அப்போது நடந்ததைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நிறம் எனக்குத் தெரியும். முதல் வருஷ செய்முறைத் தேர்வில் டானிக் அமிலத்தில் இரும்பு உப்புக் கரைசலை ரெண்டு சொட்டு விட்டால் குழாயில் வருமே, அதே கருநீலம். அதற்கு முழு மார்க் வாங்கியவன் நான். கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மசி செய்தார்கள் என்று பரிட்சையில் எழுதியிருக்கிறேன். மரப்பட்டையில் இருப்பது அதே டானின் என்றும் எழுதியிருக்கிறேன். அது சோதனைக் குழாயில் நடப்பது, இது எங்கள் கூடத்தில் நடப்பது. ரெண்டும் ஒன்று என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வாழைக்காய் கறுக்கும் என்று ஆபா சொன்னதும் அதே சங்கதிதான்.

"இன்னாடா விஞ்ஞானி, பேச்சையே காணோம்?" என்றான் அண்ணன். அவன் அஞ்சாவதோடு நின்றவன். என் ஃபீஸில் பாதி அவன் கட்டியது.

"இதுக்கு மாத்து இருக்கா?" என்றேன்.

"எங்க ஷாப்புல ஒரு பவுடர் போடுவாங்க. உப்பு மாதிரி வெள்ளையா இருக்கும். போட்டுத் தொடச்சா போய்டும். பேரு தெரியாது."

"ஆக்சாலிக் ஆசிட்" என்றேன். அந்தப் பெயர் தானாக வந்தது. இரும்போடு சேர்ந்து கரைந்து வந்துவிடும். பெயர் தெரிந்த நானும், வேலை தெரிந்த அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் சிரித்துவிட்டான். "அதான். அத வாங்கிட்டு வரட்டுமா?"

"விஷமாச்சே அது" என்று நான் சொன்னதுதான் தாமதம், அக்கா எழுந்து நின்றாள். "பிளேடு வேணாம்னுதானே இந்தக் கூத்தெல்லாம். இப்ப விஷத்தக் கொண்டாந்து வீட்ல வைக்கிறீங்களா? ஒண்ணும் வேணாம். பை போனா போவுது."

புளிப்புதானே வேண்டும், விஷமில்லாத புளிப்பு எது என்று யோசித்தேன். எலுமிச்சம்பழம். நடக்குமா என்று தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. வீட்டில் இருந்த ஒரு பழத்தை அறுத்து, ஒரு புள்ளியின்மேல் பஞ்சால் தொட்டு வைத்தோம். ஆபாவும் வந்து சேர, ஐந்து தலைகளும் அந்த ஒரு வாரின்மேல் குனிந்திருந்தன. புள்ளி முதலில் நீலம் போய்ச் சாம்பலானது. பிறகு மங்கலானது. பிறகு, "அரே, ஓடிப்போச்சு!" என்று ஆபா கத்தினாள். குழந்தை திடுக்கிட்டு அழுதது.

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் முப்பது பழம் வாங்கிவந்து போட்டுவிட்டு டேனரிக்கு ஓடினான். இருபத்தைந்து ரூபாய். அன்றைக்கு ஒரு மணி நேரம் அவனுக்கு லேட்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. புள்ளி இருந்த இடத்தில் மட்டும் தொட்டால் புள்ளி போய் அங்கே வெளுத்த வட்டம் வந்தது. கறுப்புக்குப் பதில் வெள்ளை. பத்து ஜோடி அப்படி ஆனபிறகுதான் வாரை முழுக்க ஒரே சீராகத் தடவ வேண்டும் என்று கண்டுபிடித்தோம். தடவி, உடனே புதுத் துணியால் நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து, நிழலில் போட வேண்டும். அம்மா தன் பழைய உள்பாவாடையைக் கிழித்துத் துணி கொடுத்தாள். கத்தியைப் பக்கத்திலேயே விடவில்லை. சாயங்காலத்துக்குள் கொடியிலும் பாயிலும் கட்டில்மேலும் வார்கள் காய்ந்துகொண்டிருந்தன. வீடு முழுக்க எலுமிச்சை வாசனை, அடியில் தோல் வாசனை.

எண்பத்து மூன்று ஜோடி தேறியது. பதினேழு தேறவில்லை. மடிப்புக்குள் பசையோடு சேர்ந்து மசி இறங்கிவிட்டவை அவை. பழத்தை அப்படியே பிழிந்தாலும் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏஜெண்ட் மொபெட்டை நிறுத்தும்போது அக்கா பதினேழு ஜோடியைத் தனியாகக் கட்டி முன்னால் வைத்துவிட்டாள். நான், நல்லதுக்கு நடுவில் சொருகிவிடலாம் என்று சொன்னதற்கு முறைத்தாள்.

"இன்னாம்மா இது?" என்றார் அவர், அந்தக் கட்டைப் பார்த்து.

"கறை ஆயிடுச்சுண்ணே. பதினேழு ஜோடி. எங்க தப்புதான்."

அவர் முகம் சுண்டியது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இரும்பு மசி. இதே பேஜாருதான் எல்லா தெருவுலயும். போன வாரம் ஒரு வூட்ல பாதிக்குப் பாதி தூக்கிப்போட்டேன். மீதி?"

மீதியை எடுத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஓரத்தை விரலால் வருடினார். "இதுல படவே இல்லயா?"

"பட்டுச்சு. எல்லாத்துலயும் பட்டுச்சு."

"பட்டதுன்னா எங்க?"

"எடுத்துட்டோம்."

ஏஜெண்ட் இன்னொன்றை எடுத்தார், மூக்குக்கிட்டே கொண்டுபோனார். மசி எங்கே இருந்தது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "எப்படி எடுத்தீங்க? ஆசிட்டா? ஆசிட் போட்டா தோலு வெறைக்குமே."

"ஆசிட் இல்ல" என்றாள் அக்கா.

"பின்ன?"

அக்கா குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "வாரம் ஒரு பைன்னு சொன்னீங்களேண்ணே. அதக் குடுத்தா சொல்றேன்."

ஆபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏஜெண்ட்டுக்குக் கோபம் வந்த மாதிரி இருந்தது, பிறகு போய்விட்டது. "யம்மா, நீ கம்பெனில சூப்பர்வைசரா இருக்க வேண்டியவ" என்றார். "பதினேழு ஜோடித் தோலுக்கு நீங்கதான் குடுக்கணும். ஜோடி பதினாலு ரூபா. அதுல நான் எறங்க மாட்டேன்."

"குடுக்குறோம். பை?"

அவர் மொபெட்டின் பின்னால் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்துக் கீழே வைத்தார். வேறு யாருக்கோ கொண்டுபோனதாக இருக்கும். அக்கா, எலுமிச்சம்பழம் என்று சொல்லிவிட்டாள். "எந்தக் கத்தில சீவுறீங்க, காட்டு" என்றார். நான் குடை மார்க்கைக் காட்டினேன். கையில் வாங்காமலே தலையை ஆட்டினார். நான் வாத்து மார்க்கை நீட்டினேன். "இது. இத மட்டும் வச்சிக்க. கல்லுகில்லு எல்லாம் வூட்டுக்கு வெளிய" என்றார்.

மலிவுக் கத்தி நல்லதா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், எதை வெட்ட என்று திருப்பிக் கேட்கிறேன். குடை மார்க்கை வைத்து இன்றைக்கும் தேங்காய் நாரிலிருந்து மின்சார ஒயர் வரைக்கும் வெட்டுகிறேன், அதற்கு முப்பத்தைந்து ரூபாய் என்பது கொள்ளை லாபம். அலகு கறுத்துப்போய்விட்டது, கூர் அப்படியே இருக்கிறது. வாத்து மார்க்கைப் பத்து நாளைக்கு ஒருதரம் தீட்ட வேண்டியிருந்தது, தீட்டுவது வாசலுக்கு வெளியே. ஜெர்மனின் ஆணி ஒரு மாசத்தில் கழன்றது. எட்டு சாமான் கத்தியில் அந்தச் சின்னக் கத்தரி மட்டும் நன்றாக இருந்தது, ஆபா நூல் வெட்ட எடுத்துக்கொண்டாள். மீனை என்ன செய்தோம் என்று நினைவில்லை.

ஏஜெண்ட் போனபிறகு அக்கா வேன்காரருக்குச் சொல்லி அனுப்பினாள், வரவில்லை என்று. பிறகு என் நோட்டை வாங்கி, நான் கத்திகளுக்கு மார்க் போட்ட பக்கத்தைத் திருப்பி, பின்னால் கணக்கு எழுதச் சொன்னாள். ஐந்து கத்தி நூற்று எழுபத்தைந்து. பழம் இருபத்தைந்து. கெட்டுப்போன தோலுக்கு இருநூற்று முப்பத்தெட்டு. அந்தப் பதினேழு ஜோடிக்கு வராமல் போன கூலியையும் எழுதலாமா என்றேன். "வராததை எதுக்குடா எழுதுற, போனத மட்டும் எழுது" என்றாள். எழுதிக் கூட்டினேன். நானூற்று முப்பத்தெட்டு ரூபாய்.